முறைசார் மீளாய்வில் படிக்கப்படாதவற்றுக்கான பொறுப்பு

தோற்றுவாய்

ஆய்வேடு எழுதுவோர் முதல் இயலில் 'இதுவரை நிகழ்ந்த ஆய்வுகள்' என்றொரு பகுதியை அமைப்பது மரபு. அப்பகுதியில் பத்து நூல்கள் இடம்பெறலாம்; நூறு நூல்களும் இடம்பெறலாம். எவை சேர்க்கப்பட்டன, எவை விடப்பட்டன, விடப்பட்டதற்குக் காரணம் யாது என்ற வினாக்களை அப்பகுதியை நோக்கி எவரும் எழுப்புவதில்லை. வாய்மொழித் தேர்விற்கு வரும் புறத்தேர்வாளர் தம்முடைய நூல் விடுபட்டிருப்பதைச் சுட்டும்போதன்றி அவ்வினா எழும் வாய்ப்பே இல்லை எனலாம்.

மருத்துவம், பொதுநலவாழ்வு, கல்வியியல், மென்பொருட் பொறியியல் முதலிய துறைகளில் இவ்வினாவைத் தவிர்க்கவியலாது. அத்துறைகளில் முன்னாய்வுகளைத் தொகுத்து நோக்குவதே தனியோர் ஆய்வாக வளர்ந்து 'முறைசார் மீளாய்வு' எனப் பெயர் பெற்றுள்ளது. அத்துறையினர் 'இலக்கிய மீளாய்வு' என்று கூறும்போது இலக்கியம் என்பது செய்யுளையோ புனைவையோ குறிப்பதன்று; ஒரு பொருள் பற்றி வெளியான ஆய்வுரைகளின் தொகுதியையே குறிக்கும். ஒரு வினாவை வகுத்துக்கொண்டு, அதற்கு விடை கூறும் ஆய்வுகள் யாவற்றையும் தேடி, முன்னரே குறித்த அளவுகோல்களால் சலித்தெடுத்து, எஞ்சியவற்றின் முடிவுகளை ஒருங்கிணைத்து உரைப்பது இதன் நடைமுறை. 'யாவற்றையும்' என்ற சொல்லே இம்முறையின் உயிர்நிலை.

அச்சொல் ஒரு வாக்குறுதியும் ஆகும். தேடிக் கிடைத்தவை யாவும் நோக்கப்பட்டன என்று மீளாய்வாளர் கூறுவதை நம்பியே மருத்துவர் மருந்து எழுதுகிறார். அரசு திட்டம் வகுக்கிறது. மருந்தை உட்கொள்பவர் அம்மீளாய்வு ஒன்று இருப்பதையே அறியார். இன்று அந்நோக்குதலில் ஒரு பகுதியைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுள்ளது. மனிதக் கண் படாத ஆய்வுரைகள் பல ஆயிரக்கணக்கில் 'பொருந்தாதவை' என ஒதுக்கப்படும் நிலை வந்துள்ளது. எவரும் படிக்காமல் ஒன்றை ஒதுக்குவது முறையாகுமா, முறையாயின் அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற அறவினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்வுரிமையைக் கைவிடல்

பிரித்தானிய மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் 1979இல் தம் துறையினர்மீது கடுமையான குற்றச்சாட்டொன்றை வைத்தார். மருத்துவச் சோதனைகளின் முடிவுகளைத் துறைவாரியாகத் தொகுத்து, திறனாய்ந்து, காலந்தோறும் புதுப்பித்து வழங்கும் ஏற்பாடு மருத்துவர்களிடம் இல்லை என்பதே அது. அக்குற்றச்சாட்டின் பொருளை உணர்த்த ஒரு நிகழ்வு போதும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். குறைமாதப் பேறு நேரவிருக்கும் தாய்க்குக் கார்ட்டிகோஸ்டீராய்டு என்னும் மருந்தை ஊசிவழிச் செலுத்தினால், பிறக்கும் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சி விரைவுபட்டு, மூச்சுத்திணறலும் இறப்பும் குறைகின்றன என்பது அவர்களின் முடிவு. அடுத்துவந்த ஆண்டுகளில் வேறு பலரும் இதே சோதனையைச் செய்தனர். தனித்தனியே நோக்குங்கால் அவற்றுட் சில ஐயத்திற்கு இடமளித்தன. ஒருங்கு வைத்து நோக்குங்கால் ஐயத்திற்கு இடமில்லை. ஆயினும் 1989 வரை அவற்றை ஒருங்கு வைத்து நோக்கிய முறைசார் மீளாய்வு வெளிவரவில்லை. மகப்பேற்று மருத்துவர் பலர் இம்மருந்தின் பயனை அறியாதிருந்தனர். பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் பல்லாயிரவர் இறந்தனர் அல்லது துன்புற்றனர். 1993இல் தோன்றிய காக்ரேன் கூட்டமைப்பு இச்சோதனைகளின் வரைபடத்தையே தன் இலச்சினையாகக் கொண்டது.

இங்கு அறிவு இல்லாமற் போகவில்லை என்பது நோக்கத்தக்கது. அறிவு அச்சில் இருந்தது, நூலகத்தில் இருந்தது. தொகுப்பார் இல்லை. தொகுத்தவரும் தாம் அறிந்தவற்றையும் தம் கருத்துக்கு இசைந்தவற்றையுமே எடுத்தாண்டனர். துறைபோகிய வல்லுநர் ஒருவர் தம் நினைவிலிருந்து எடுத்துக் கோத்த கட்டுரையே அந்நாள் வரை மீளாய்வு எனப்பட்டது. அவருடைய புலமையே அதற்குச் சான்று. அவர் விட்டவற்றுக்குக் கணக்கு இல்லை.

முறைசார் மீளாய்வு இவ்வல்லுநரிடமிருந்து தேர்ந்தெடுக்கும் உரிமையை விலக்கிவைத்தது. தேடலுக்கு முன்பே நெறிவரைவு எழுதிப் பதிய வேண்டும். இதற்கென யார்க் பல்கலைக்கழகத்தில் 2011இல் பிராஸ்பெரோ என்னும் பதிவேடு தொடங்கப்பட்டது. ஒவ்வோர் ஆய்வுரையையும் இருவர் தனித்தனியே நோக்கி முடிவு செய்ய வேண்டும். இருவரும் முரண்பட்டால் மூன்றாமவர் தீர்க்க வேண்டும். முழுக்கட்டுரையைப் படித்தபின் ஒதுக்கினால் அதற்குக் காரணம் குறிக்க வேண்டும். அறநோக்கில் இதனை ஒருவகைத் துறவு எனலாம். 'எனக்குத் தெரியும்' என்று கூறும் உரிமையை அறிஞர் தாமே கைவிடுகிறார்.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோர்க்கு இது முற்றிலும் புதியதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதலாக, கிடைத்த ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளைக் குறித்து, பிரதி உதவியோர் பெயர்களையும் முகவுரையில் பட்டியலிட்டு வந்தார். தாம் ஏற்காத பாடத்தையும் படிப்பவர் காணும்படி வைத்தமையால், அவருடைய தேர்வைப் பின்வந்தோர் மறுக்கவும் முடிந்தது. ஒதுக்கியதைக் காட்டுவது மறுப்பாருக்கு அளிக்கும் மதிப்பாகும்.

கருவிகளின் பணி

இம்முறையின் நேர்மைக்கு விலை உண்டு. பிராஸ்பெரோவில் பதிவான 195 மீளாய்வுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, பதிவு தொடங்கி வெளியீடு வரை சராசரியாக 67.3 வாரங்கள் கழிவதைக் கண்டது. தேடலில் கிடைத்த பதிவுகள் 27 முதல் 92,020 வரை இருந்தன. இறுதியில் சேர்த்துக்கொள்ளப்பட்டவை சராசரியாக 2.94 விழுக்காடு. அதாவது நூறு பதிவுகளைப் படிப்பவர் மூன்றைக் கண்டெடுக்கிறார். தமிழில் சலித்தல் என்னும் ஒரு சொல்லே சல்லடையால் பிரித்தலையும் மனம் சோர்தலையும் குறிக்கிறது. இப்பணியில் ஈடுபட்டோர்க்கு அச்சொல்லின் இருபொருளும் விளங்கும்.

எனவே கருவிகள் தோன்றின. காக்ரேன் கூட்டமைப்பின் ரெவ்மேன் புள்ளியியற் கணக்கீட்டிற்கும் மீளாய்வைக் குறித்த வடிவில் எழுதுவதற்கும் உதவுவது. இலண்டனில் உருவான எப்பி-ரிவ்யூவர், ஆத்திரேலியாவின் கோவிடென்ஸ், கத்தாரில் உருவாகி 2016இல் ஆய்வுலகிற்கு அறிமுகமான ராயன் ஆகியன சலித்தெடுக்கும் பணியை இணையவழி நிகழ்த்த உதவுகின்றன. இவற்றின் முதற்பயன் ஒழுங்கு. இருவர் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும் என்ற விதி முன்னர் அவர்களின் நாணயத்தைப் பொறுத்திருந்தது. இன்று ஒருவர் முடிவை மற்றவர் காணாதபடி கருவி மறைத்து வைக்கிறது. எண்ணிக்கைகள் தாமே கூட்டப்படுகின்றன. முரண்பாடுகள் தனிப்பட்டியலாகின்றன. இவ்வளவில் கருவி மீளாய்வாளரின் மனச்சான்றுக்குத் துணையாக நிற்கிறது. இதனை மறுப்பார் இலர்.

ஆயினும் இத்தொடக்க நிலையிலேயே ஒரு சிறு செயல் பெரும்பாலோர் கவனத்திற்கு வாராமல் நிகழ்கிறது. பல தரவுத்தளங்களில் தேடும்போது ஒரே கட்டுரை பலமுறை கிடைக்கும். தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை ஒப்பிட்டுக் கருவி இரட்டைப் பதிவுகளை நீக்குகிறது. ஒரே குழுவினர் ஒரே ஆண்டில் ஏறத்தாழ ஒரே தலைப்பில் எழுதிய இருவேறு கட்டுரைகளுள் ஒன்று இவ்வழி மறையலாம். மாறாக, ஒரே கட்டுரை இரண்டாக எண்ணப்படவும் கூடும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதும் தென்னிந்திய வழக்கை, குடும்பப்பெயர், இடுபெயர் என்ற இரு கட்டங்களையே அறிந்த தரவுத்தளங்கள் பலவாறு சிதைத்துப் பதிகின்றன. ஒருவரே மூவராகத் தோன்றுவதுண்டு. 'இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்டன' என்ற ஒற்றைவரிக்குள் இத்தனை தீர்ப்புகள் அடங்கியிருப்பதை மீளாய்வுகளின் படிப்போர் மட்டுமன்றி எழுதுவோரும் எண்ணிப் பார்ப்பது அரிது.

ஐந்து விழுக்காடு

கருவி தானே சலித்தெடுக்கத் தொடங்கும்போது வினா கூர்மை பெறுகிறது. ஒரிகன் பல்கலைக்கழகம் ஒன்றைச் சார்ந்த கோஹனும் அவர்தம் குழுவினரும் 2006இல் மருந்துகள் பற்றிய 15 மீளாய்வுகளை எடுத்துக்கொண்டு, பொருந்தும் கட்டுரைகளைக் கணிப்பொறி எந்த அளவிற்கு இனங்காணும் எனச் சோதித்தனர். பொருந்துவனவற்றுள் 95 விழுக்காட்டை மீட்டெடுத்தால் போதும் என்ற எல்லையை வகுத்துக்கொண்டு, அவ்வெல்லைக்குள் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தனர். இவ்வளவை பின்வந்த ஆய்வுகளிலும் வழக்காயிற்று. 2015இல் வெளியான தொகுப்பாய்வொன்று, 30 முதல் 70 விழுக்காடு வரை உழைப்பு மிச்சமாகக் கூடும் என்றும், அதனுடன் சிலபோது பொருந்தும் ஆய்வுகளுள் 5 விழுக்காடு இழக்கப்படும் என்றும் கூறியது.

இந்த 95 எங்கிருந்து வந்தது? நோயாளிக்கு எவ்வளவு இழப்பு தாங்கத்தக்கது என்ற ஆராய்ச்சியிலிருந்து அன்று. கருவிகளை ஒப்பிடுவதற்கு ஏதேனும் ஓர் எல்லை வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது. மருத்துவச் சோதனைகளை இனங்காணக் காக்ரேன் கூட்டமைப்பினர் அமைத்த வகைப்படுத்தி 99 விழுக்காட்டை எல்லையாகக் கொண்டது. ஒன்று மற்றொன்றினும் உயர்ந்தது என்பதன்று இங்குக் கருதத்தக்கது. எண் எதுவாயினும் அது மனிதர் ஒருவர் வகுத்தது. அளவைக்காகப் பிறந்த எண் நாளடைவில் அனுமதியாக மாறிவிடுவதுண்டு. 95 என்ற எண்ணுக்கும் அத்தகைய நிலை நேர்ந்துள்ளது.

பொருந்தும் ஆய்வுகள் இருபது இருப்பின் 5 விழுக்காடு என்பது ஓர் ஆய்வு. அந்த ஒன்று எது என்பதே அறவினாவின் மையம். இருபதில் ஒன்று குலுக்கற்சீட்டில் விழுவதுபோல் தவறுமாயின், எஞ்சிய பத்தொன்பதும் ஏறத்தாழ அதே முடிவைத் தரும் என ஆறுதல் கொள்ளலாம். கருவியின் பிழை அவ்வாறு விழுவதன்று. மீளாய்வாளர் முதலிற் காட்டும் எடுத்துக்காட்டுகளின் சொற்களைக் கொண்டே அது கற்கிறது. அவற்றையொத்த சொல்லாட்சியுடைய கட்டுரைகளை முன்னிறுத்துகிறது. எடுத்துக்காட்டுகள் ஒருபோக்கானவையாயின் கருவி அவசரப்பட்டுப் பொதுமைப்படுத்திவிடும் என்பது இத்துறையினர் தாமே உணர்ந்து எச்சரித்துள்ள குறை. எனவே தவறவிடப்படும் ஒன்று பெரும்பாலும் வேறொரு சொல்லால் அதே பொருளைப் பேசிய கட்டுரையாக இருக்கும். வேறொரு துறையினர் எழுதியதாக இருக்கும். சுருக்கம் இணைக்கப்படாமல் தலைப்பு மட்டுமே தரவுத்தளத்தில் உள்ள பழங்கட்டுரையாக இருக்கும். அதாவது, மற்றவற்றினின்று வேறுபட்டு நிற்பதே தவறும் வாய்ப்பு மிகுதி. மாறுபட்ட முடிவை அதுவே தாங்கியிருக்கவும் கூடும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று வலுவாக முன்வைக்கப்படுகிறது. மனிதரும் பிழைபடுகின்றனரே என்பது அது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, சுருக்கங்களைச் சலிக்கும் மனிதரின் பிழை 10.76 விழுக்காடு எனக் கணக்கிட்டது. எனில், 95 விழுக்காட்டை மீட்கும் கருவி தனியொரு மனிதரினும் மேம்பட்டதன்றோ? இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சோர்வுற்ற மாணவர் ஒருவர் நள்ளிரவில் நாலாயிரமாவது சுருக்கத்தைப் படிக்கும் படிப்பைப் படிப்பு என்று எவ்வளவு தூரம் கூறலாம் என்பதும் ஐயத்திற்குரியது. ஆயினும் மனிதர் இருவரின் பிழைகள் பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில் விழுகின்றன. ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்கிறார். இருவர் தேவை என்ற விதியின் காரணமும் அதுவே. ஒரே கருவியை உலகெங்கும் பல குழுக்கள் பயன்படுத்துமாயின் அவற்றின் பிழைகள் ஒரே இடத்தில் விழும் வாய்ப்பு மிகும். பின்வரும் மீளாய்வு முன்னதன் பிழையைத் திருத்தும் என்ற நம்பிக்கை அப்போது தளர்ந்துவிடும்.

காலத்தாழ்ச்சியின் தீங்கு

இக்காரணங்களால் கருவியை விலக்கிவிட வேண்டும் என்று கூறுவது எளிது. அது மற்றோர் அறத்தவறாக முடியும். 2010இல் வெளியான கட்டுரையொன்று, நாளொன்றுக்கு 75 மருத்துவச் சோதனைகளும் 11 முறைசார் மீளாய்வுகளும் வெளியாவதாகக் கணக்கிட்டது. அனைத்தையும் மனிதரே படித்து முடிக்கும்வரை காத்திருப்பது என்பது, பல வினாக்களுக்கு விடையே இல்லாமல் இருப்பதற்கு ஒப்பாகும்.

2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது இந்நெருக்கடி தமிழகக் கடற்கரையில் நேரடியாக உணரப்பட்டது. உயிர்தப்பியோரின் உளத்துயரைப் போக்க எதைச் செய்வது என்ற வினா உடனடி விடையை வேண்டி நின்றது. துயர நிகழ்வை ஒரே அமர்வில் விரிவாகப் பேசவைக்கும் முறை அந்நாளில் பரவலாக நம்பப்பட்டது. ஆனால் அதனால் பயனில்லை என்றும், கட்டாயப்படுத்திச் செய்வது கைவிடப்பட வேண்டும் என்றும் கூறிய காக்ரேன் மீளாய்வு அதற்கு முன்னரே வெளிவந்திருந்தது. இத்தகைய மீளாய்வு முடிவுகளைப் பேரிடர்க் களத்தில் இருப்போர்க்கு விரைந்து கொண்டுசேர்க்கும் முயற்சி அப்பேரலையை ஒட்டியே தொடங்கியது. அதில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தோர்க்கும் பங்குண்டு. பின்னர்த் தெற்காசியக் காக்ரேன் மையம் அக்கல்லூரியிலேயே அமைந்தது. 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியால் காக்ரேன் நூலகம் இந்தியர்க்குக் கட்டணமின்றித் திறக்கப்பட்டது.

அம்மீளாய்வு முன்னரே முடிந்திருந்தமையால் பயன்பட்டது. 67 வாரங்கள் கழித்து வந்திருப்பின் முகாம்கள் கலைந்திருக்கும். ஆகவே ஒன்றைத் தவறவிடுவதால் நேரும் தீங்கையும், காலந்தாழ்த்துவதால் நேரும் தீங்கையும் ஒரே துலாக்கோலில் வைத்தே நோக்க வேண்டியுள்ளது. எந்த வினாவிற்கும் ஒரே எடைக்கல் பொருந்தாது. ஒரு மருந்தின் அரிய பக்கவிளைவைத் தேடும் மீளாய்வில் ஒரு கட்டுரை விடுபடுவது பேரிழப்பு. வகுப்பறைக் கற்பித்தல் முறைகளின் பொதுப்போக்கை அறிய முயலும் மீளாய்வில் அது அவ்வளவு பெரிதன்று. எல்லையை வகுப்பவர் எதைத் தேடுகிறார் என்பதை எண்ணாமல் கருவியோடு வந்த எண்ணை அப்படியே ஏற்பாராயின் அங்கே தவறு தொடங்குகிறது.

நிறுத்தும் இடம்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஏஎஸ்ரிவ்யூ என்னும் கருவி மூலநிரல் எவர்க்கும் திறந்து வைக்கப்பட்ட ஒன்று. 2021இல் அதுபற்றிய விளக்கக் கட்டுரை வெளியாயிற்று. அதன் இயக்கம் அறவினாவைத் தெளிவாக்குவதால் சிறிது விரித்து நோக்கத்தக்கது. மீளாய்வாளர் பொருந்தும் கட்டுரைகள் சிலவற்றையும் பொருந்தாதவை சிலவற்றையும் முதலிற் காட்டுகிறார். கருவி எஞ்சிய அனைத்தையும் வரிசைப்படுத்தி, பொருந்தும் வாய்ப்பு மிகுந்ததை முதலில் நீட்டுகிறது. அவர் அதைப் படித்து ஆம் என்றோ இல்லை என்றோ குறிக்கிறார். அவ்விடையைக் கற்று வரிசை மீண்டும் மாறுகிறது. தொடக்கத்தில் பொருந்துவன அடுத்தடுத்து வரும். பின்னர் அருகும். பிறகு ஐம்பது, நூறு, இருநூறு எனப் பொருந்தாதவையே தொடரும். எங்கோ ஓரிடத்தில் மீளாய்வாளர் நிறுத்திக்கொள்கிறார். அதற்கப்பால் உள்ளவை படிக்கப்படுவதில்லை.

எதையும் ஒதுக்குவது கருவியன்று என்பது இங்குப் புலனாகிறது. அது வரிசைப்படுத்துகிறது. ஒதுக்குவது, நிறுத்துபவரின் செயல். கருவி ஒதுக்கியது என்று கூறுவது பழியை வாய்பேசாத ஒன்றின்மேல் ஏற்றுவதாகும். நிறுத்தும் இடத்தை அவர் எவ்வாறு தீர்மானித்தார்? தேடலுக்கு முன்பே நெறிவரைவில் அதனை எழுதியிருந்தால், அது விதி. இத்தனை பொருந்தாதவை தொடர்ந்து வந்தால் நிறுத்துவோம் என்றும், நிறுத்தியபின் எஞ்சியவற்றுள் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் எடுத்துப் படித்துச் சரிபார்ப்போம் என்றும் அவ்விதி அமையலாம். அவ்வாறன்றி, கண் சோர்ந்தபோதும், நிதி தீர்ந்தபோதும், இதழின் இறுதி நாள் நெருங்கியபோதும் நிறுத்தியிருந்தால் அது விருப்பம். 1970களின் வல்லுநரிடமிருந்து விலக்கிவைக்கப்பட்ட அதே விருப்பம் கொல்லைப்புறமாக மீண்டும் வந்துவிட்டது எனல் பொருந்தும். ஒரு வேறுபாடும் உண்டு. பழைய வல்லுநரின் கட்டுரையைப் படிப்பவர் அது ஒருவரின் தேர்வு என்பதை அறிந்தே படித்தார். புதிய மீளாய்வைப் படிப்பவர் அதனை யாவற்றின் சாரம் என்று கருதிப் படிக்கிறார். முன்னது தன்னை மறைக்கவில்லை, பின்னது மறைக்கிறது.

மீளாய்வுகளை எவ்வாறு அறிக்கையிட வேண்டும் என வகுக்கும் பிரிஸ்மா நெறிமுறை 2009இல் வெளியாகி 2020இல் திருத்தப்பட்டது. திருத்தப்பட்ட பாய்வு வரைபடத்தில், தானியங்கிக் கருவிகளால் பொருந்தாதவை எனக் குறிக்கப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கைக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. படிக்காதவற்றைப் படித்ததாகக் காட்டும் பொய்க்கு இது தடை. எனினும் எண்ணிக்கை பெயராகாது. ஆறாயிரம் படிக்கப்படவில்லை என்று கூறுவது நேர்மை. அந்த ஆறாயிரமும் எவை என்ற பட்டியலை இணைப்பது பொறுப்பு. கணிப்பொறியில் அப்பட்டியல் ஏற்கெனவே உள்ளது. அதை வெளியிடப் பெருஞ்செலவு இல்லை. அது வெளியிடப்படின், தம் கட்டுரை படிக்கப்படாமல் கிடப்பதைக் காணும் ஆய்வாளர் ஒருவர் எழுந்து கேட்க முடியும். கேட்கும் வாய்ப்பை அளிக்காத மன்னிப்பு எவர்க்கும் பயன்படாது.

2023 முதல் பெருமொழி மாதிரிகள் இப்பணியில் புகுந்துள்ளன. இவை ஒரு கட்டுரையை ஏன் ஒதுக்கலாம் என்பதற்கு நல்ல நடையில் காரணமும் எழுதித் தருகின்றன. காரணம் எழுதப்பட்டிருப்பதால் படிக்கப்பட்டது என்ற மயக்கம் இங்கு எளிதில் உண்டாகிறது. மனிதர் கூறும் காரணமும் சிலபோது பின்னர்ப் புனைந்ததாக இருக்கலாம். ஆனால் அவரை நேரில் நிறுத்தி மறுவினா கேட்டால் அவர் நாணவோ திருத்திக்கொள்ளவோ கூடும். மாதிரியிடம் மறுவினா கேட்டால் மற்றொரு காரணம் வரும். அது பிழைபடுவது குறையன்று. பிழைக்காக எதையும் இழக்கும் நிலையில் அது இல்லை என்பதே பொறுப்பை அதனிடம் ஒப்படைக்க முடியாமைக்குக் காரணம். காக்ரேன், கேம்பெல் முதலிய மீளாய்வு அமைப்புகள் 2025இல் வெளியிட்ட கூட்டறிக்கையும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினும் மீளாய்வுக்கான இறுதிப்பொறுப்பு மீளாய்வாளருடையதே என்று உரைக்கிறது. உரைப்பது எளிது. படிக்காத ஒன்றுக்கு ஒருவர் எவ்வாறு பொறுப்பேற்பது என்ற இடர்ப்பாடு அப்படியே உள்ளது. படித்தமைக்கான பொறுப்பு அன்று அவர்மேல் உள்ளது. எந்த விதிப்படி படிக்காமல் விட்டார், அவ்விதி இவ்வினாவிற்குத் தகும் என்று எவ்வாறு அறிந்தார் என்பதற்கான பொறுப்பே ஆகும். இவ்வளவுக்கு விடை கூற இயலாதவர் கருவியைப் பயன்படுத்தும் தகுதியை இன்னும் அடையவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கணக்கில் வாராதவை

இதுவரை பேசப்பட்டவை கருவியின் முன் வந்து நின்றவை. அதன் முன் வாராதவை பற்றியும் கூற வேண்டும். 2001 சூனில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஈளை நோய் பற்றிய ஆய்வொன்றில் நலமுடன் இருந்த 24 அகவைத் தன்னார்வலர் ஒருவர் ஹெக்சாமெத்தோனியம் என்னும் வேதிப்பொருளை உள்ளிழுத்து, அதன் விளைவாக இறந்தார். அப்பொருள் நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்பதைக் காட்டும் கட்டுரைகள் 1950களிலேயே வெளிவந்திருந்தன. ஆய்வாளர் பப்மெட் தரவுத்தளத்தில் தேடியிருந்தார், பாடநூல்களையும் பார்த்திருந்தார். அந்நாளில் பப்மெட் 1966க்கு முற்பட்டவற்றைக் கொண்டிருக்கவில்லை. அவர் தேடவில்லை என்று கூறவியலாது. தேடும் கருவியின் எல்லையை அறிவின் எல்லையாகக் கொண்டார் என்பதே அந்நிகழ்வு உணர்த்துவது. நூலகர் ஒருவரின் துணையுடன் அச்சு அட்டவணைகளைப் புரட்டியிருப்பின் அக்கட்டுரைகள் கிடைத்திருக்கும்.

1966 என்ற எல்லை பின்னர்ப் பின்னோக்கி நகர்ந்தது. வேறு எல்லைகள் அவ்வளவு எளிதில் நகர்வதில்லை. ஆங்கிலத்தில் வெளியானவை மட்டும் சேர்க்கப்படும் என்ற அளவுகோல் மீளாய்வுகளில் இன்றும் காணப்படுகிறது. மொழிபெயர்க்க ஆளில்லை என்பது அதற்குக் கூறப்படும் காரணம். அளவுகோலாக எழுதப்பட்டிருக்கும்வரை அதனை மறுக்கவேனும் இயலும். எழுதப்படாத எல்லையை மறுப்பது அரிது. காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையத்தின் சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர்பட்ட ஆய்வேடுகள் திரட்டப்பட்டுள்ளன. அங்குள்ள தமிழ் ஆய்வேடுகளுள் பல படமாக வருடப்பட்டவை. வேறு பல யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. மனிதர் திரையில் அவற்றைத் தடையின்றிப் படிக்கலாம். கருவிக்கு முன்னவை வெறும் படம்; பின்னவை பொருளற்ற இலத்தீன் எழுத்துகளின் குவியல். நாட்டார் மருத்துவம், மீனவர் வாழ்வு, மலைவாழ் மக்களின் உணவு குறித்துக் களத்தில் அலைந்து திரட்டிய செய்திகள் அவற்றுள் இருக்கின்றன. பொதுநலவாழ்வு பற்றிய மீளாய்வொன்றுக்கு அவை நேரடியாகப் பொருந்தக்கூடும். அவை தேடலில் கிடைப்பதில்லை; ஆதலின் இரட்டைப் பதிவாக நீக்கப்படுவதில்லை, கருவியால் பொருந்தாதவை எனக் குறிக்கப்படுவதில்லை, முழுமையாகப் படித்தபின் காரணங்காட்டி விலக்கப்படுவதுமில்லை. பாய்வு வரைபடத்தின் எந்தப் பெட்டியிலும் அவற்றுக்கு எண் இல்லை.